அசையாமல் நின்றவர் முகம்

பிளாஷ் போடும் பழக்கத்தை என்னிடமிருந்து விரட்டியது ஒரு அறை. திருக்கோவிலூரில், கோயில் திருவிழாக் கச்சேரியில், ஊரே பார்க்க விழுந்த அறை.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அத்தாவின் இரும்புக் கடையை இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் அவர் ஆணியும் தாழ்ப்பாளும் விற்க, மறு பாதியில் நான் கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும் எடுத்துக்கொண்டிருந்தேன். கலர் பிலிம் எங்கள் பக்கம் முழுசாக வந்து சேராத காலம். கச்சேரிப் படம் எடுக்க என்னை அழைத்ததே எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. அந்த மிதப்பில் மேடை ஏறி, உச்சத்தில் பாடிக்கொண்டிருந்த பாடகியின் முகத்துக்கு இரண்டு முழம் தள்ளி நின்று பிளாஷை அடித்தேன். அந்த அம்மாவுக்குக் கண் இருட்டிவிட்டது. பாட்டு அந்தரத்தில் அறுந்தது. கூட்டம் ஹோவென்று கூச்சல் போட்டது. மைக்கை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து கன்னத்தில் இழுத்து ஒன்று விட்டார்.

“மூஞ்சியில அடிக்கிறியே, உனக்கு அடிச்சா எப்பிடி இருக்குதுன்னு பாரு!”

நான் திருப்பி அடிக்கக் கை ஓங்கினேன். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அடித்திருப்பேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் கைதான் போகும், புத்தி பின்னால்தான் நடந்து வரும். ஆனால் ஓங்கிய கை இறங்கவில்லை. டோலக் வாசிப்பவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். தோல் காய்ச்சுப்போன அந்த விரல்களின் தடம் இரண்டு நாள் என் கையில் இருந்தது.

கச்சேரி முடிந்ததும் அவரே வந்து டீ வாங்கிக் கொடுத்தார். என் வயதுதான் இருக்கும்.

“தப்பு உன்னுதுதான் பாய். அந்த அம்மா கண்ணை மூடித் தொறந்தா எங்க பாட்டே போச்சு. வெளிச்சம் கம்மின்னா கம்மியா இருக்கிற வெளிச்சத்துலயே எடு.”

“ஆடிக்கினே இருக்கிறவங்கள எப்பிடிய்யா எடுக்கிறது? எல்லாம் புகையால்ல வரும்?”

“யார் சொன்னது ஆடிக்கினே இருக்காங்கன்னு? ஒவ்வொரு வரி முடியறப்பவும் ஒரு நிமிட்டு நிப்பாங்க. எனக்குத் தெரியும் எப்ப நிப்பாங்கன்னு. என் தாடையைப் பாரு. ஒண்ணு, ரெண்டுன்னு ஆட்டுவேன். மூணாவதுக்கு அமுக்கு.”

எங்கள் கூட்டாளித்தனம் அப்படி ஆரம்பித்தது. நானூறு வேகப் பிலிமை ஆயிரத்து அறுநூறு வேகம் என்று கேமராவிடம் பொய் சொல்லி எடுப்பேன், டார்க் ரூமில் மருந்தில் கூடுதல் நேரம் ஊறவைத்து அந்தப் பொய்யை ஈடுகட்டுவேன். அப்படியும் வெளிச்சம் போதாது. நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். கேட்பதற்குக் கண்சிமிட்டும் நேரம் மாதிரி தோன்றும். கேமராவைக் கையில் பிடித்திருப்பவனுக்கு அது ரொம்ப நீளம். முழங்கைகளை விலாவில் இடுக்கி, மேடையின் சவுக்குக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து, மூச்சை அடக்கி, டோலக்காரரின் தாடையைப் பார்த்து, ஒண்ணு, ரெண்டு என்று வாய்விட்டு எண்ணுவேன். மூன்றாவது அடி டோலக்கில் விழும்போது பாடகியின் தூக்கிய கை காற்றில் நிற்கும். அதே நேரம் என் விரல் இறங்கும். முகம் கல்லில் செதுக்கினதுபோல் வரும், பின்னால் ஆடுகிற கூட்டம் மட்டும் புகையாக வரும்.

படங்கள் பேர் வாங்கின. பேர் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிளாஷ் போடுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் கை அரிக்கும். ஒரு கல்யாணக் கச்சேரியில் சங்கராபுரத்துப் படக்காரர் ஒருவர் பளீர் பளீரென்று அடித்துக்கொண்டே இருந்தார். இரண்டு தரம் சொன்னேன், மூன்றாம் தரம் பிளாஷைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதித்தேன். அத்தா புதுசு வாங்கிக் கொடுத்து அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நான் கேட்கவில்லை. நானும் ஒரு பிளாஷ் வைத்திருந்தேன், பையின் அடியில் துணி சுற்றிக் கிடக்கும். அதை எடுக்காமல் இருப்பதையே ஒரு விரதம்போல் வைத்திருந்தேன்.

எலவனாசூர்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கச்சேரி. ஊரின் பெயர் வேண்டாம். மாலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டோம். மேடைக்கு நாலு டியூப்லைட், அதிலும் இரண்டில் சிவப்புத் தாளும் பச்சைத் தாளும் சுற்றியிருந்தார்கள். முன்னால் பெண்களும் பிள்ளைகளும், பின்னால் இரண்டு தெருக்காரர்கள், கிழக்குத் தெரு ஒரு பக்கம், மேலத்தெரு ஒரு பக்கம்.

எங்கள் பக்கத்துக் கச்சேரிகளில் சீட்டு என்று ஒன்று உண்டு. வேண்டிய பாட்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கீழே தெருவின் பேரையும் போட்டு மேடைக்கு அனுப்புவார்கள். அறிவிப்பாளர் அதைப் படித்து, இன்ன தெரு இளைஞர்கள் விரும்பிக் கேட்ட பாடல் என்று சொல்லிவிட்டுப் பாட வைப்பார். பாட்டைவிட அந்தத் தெருப் பேர்தான் முக்கியம். அன்றைக்கு இரண்டு தெருக்காரர்களும் ஒரே பாட்டைக் கேட்டுச் சீட்டு அனுப்பியிருந்தார்கள். முதலில் கையில் கிடைத்தது கிழக்குத் தெருச் சீட்டு. அறிவிப்பாளர் அந்தப் பேரை மட்டும் சொன்னார். பாட்டு முடிந்ததும் மேலத்தெரு எழுந்துவிட்டது. எங்கள் பேரைச் சொல்லி மறுபடியும் பாடு என்றார்கள். ஒரு பாட்டை ஒரு கச்சேரியில் ஒரு தரம்தான் பாடுவது அந்தக் குழுவின் வழக்கம். அறிவிப்பாளர் அதை மைக்கில் சொன்னார். சொல்லி வாயை மூடுவதற்குள் முதல் நாற்காலி பறந்து வந்தது.

பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கிழக்கும் மேற்கும் மேடை ஓரத்தில் மோதிக்கொண்டன. செருப்பு, கல், சோடா பாட்டில் எல்லாம் வந்தன. ஒருவன் இன்னொருவன் காதைக் கடித்துத் துப்பியதை நான் கண்ணால் பார்த்தேன். கல்பட்டு ஒரு டியூப்லைட் வெடித்தது, பிறகு இன்னொன்று. பாடகி ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டார். டோலக்காரர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் ஓடினால் டோலக்கை உடைத்துவிடுவார்கள், அதனால் அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். மிச்சமிருந்த வெளிச்சத்தில் முகம் தெரியாத யாரோ மைக் ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்துத் தூக்கினார்கள். மைக் ஸ்டாண்டின் அடியில் கனமான இரும்புத் தட்டு இருக்கும். அந்தத் தட்டு அவர் தலையில் இறங்கிய சத்தத்தை நான் கேட்டேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப் போகவில்லை. கம்பத்தில் சாய்ந்தேன், முழங்கையை இடுக்கினேன், மூச்சை அடக்கினேன். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிவிட்டு அமுக்கினேன். பழக்கம் அப்படி.

நான் வைத்திருந்த வகைக் கேமராவில் ஒரு குணம் உண்டு. பித்தானை அமுக்கியதும் உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடி மேலே எழும், படம் பதிந்து முடியும்வரை பார்க்கும் துளை இருட்டிக் கிடக்கும். எடுக்கிறவனுக்கு எல்லாம் தெரியும், எடுக்கிற அந்த நொடியைத் தவிர. கண்ணாடி மறுபடி இறங்கிய கையோடு கூட்டம் இடித்து நான் கீழே விழுந்தேன். யாரோ என் விலாவை மிதித்துக்கொண்டு போனார்கள். எழுந்து பார்த்தபோது டோலக்காரரின் காதிலிருந்து ரத்தம் டோலக்கின் தோல்மேல் வழிந்துகொண்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்று நாள் கண் திறக்கவில்லை. அந்த மூன்று நாளில் நான் பிலிமைக் கழுவினேன். அந்தப் படம் அதில் இருந்தது.

டோலக்காரர் கவிழ்ந்து கிடக்கிறார். அவருக்கு மேல் ஒரு ஆள் கால்களை அகட்டி நிற்கிறார், தலையில் துண்டு, வாய் திறந்திருக்கிறது, இரண்டு கையிலும் மைக் ஸ்டாண்ட். முகத்தில் ஒவ்வொரு மயிரும் எண்ணலாம், அவ்வளவு தெளிவு. சுற்றிலும் வெறும் புகை. நான் அதுவரை எடுத்த படங்களிலேயே அதுதான் உயர்ந்தது, அது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பெரிதாகப் பிரின்ட் போட்டு, ஸ்டுடியோ வாசலில் இருந்த கண்ணாடி ஷோகேஸில், கல்யாண ஜோடிகளுக்கு நடுவில் மாட்டினேன். கேட்டவர்களிடம், அடித்தவன் யாரென்று யாராவது அடையாளம் காட்டட்டும் என்றுதான் மாட்டியிருக்கிறேன் என்றேன். பொய். கூட்டாளி நினைவில்லாமல் கிடக்கிறான், நான் படத்தைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அத்தா ஒரு தரம் வந்து பார்த்துவிட்டு, “எடுத்துடுப்பா, ரத்தத்தைப் போயி வாசல்ல மாட்டுவாங்களா” என்றார். நான் காதில் வாங்கவில்லை.

இரண்டாம் நாளே பாஸ்போர்ட் படம் வாங்க வந்த ஒரு போலீஸ்காரர் ஷோகேஸ் முன்னால் நின்றுவிட்டார்.

“இவன் மலைக்காரனாச்சே பாய்! வெள்ளிமலைப் பக்கம். சந்தைக்குக் கடுக்காய் மூட்டை கொண்டாறவன்.”

“இவன்தான் சார் அடிச்சவன். நல்லா நாலு சாத்து சாத்துங்க. நான் சொன்னேன்னே சொல்லி சாத்துங்க” என்றேன். உள்ளே போய்ப் படத்தின் இன்னொரு பிரதியை எடுத்து வந்து நானே கையில் கொடுத்தேன். அவருக்கு டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

ஜீப் மலை ஏறியது. சாமைக் காட்டில் நின்றிருந்தவரை அங்கிருந்தே இழுத்து வந்தார்களாம்.

அதற்கு மறுநாள் மத்தியானம் ஸ்டுடியோ வாசலில் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். கையில் சாலை ஓரத்து ஜல்லி, காலடியில் என் ஷோகேஸ் கண்ணாடி முழுதும். கல்யாண ஜோடிகள் தரையில் கிடக்க, அந்தப் படம் மட்டும் இன்னும் மாட்டியபடி இருந்தது. அதைப் பிய்க்கத்தான் கையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் சட்டத்தில் ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லு என் வலது உள்ளங்கையைக் கிழித்தது. வலியிலும் கோபத்திலும் மறுகையை ஓங்கினேன். அந்தப் பெண் முகத்தைத் திருப்பவே இல்லை.

“அடி. நீயும் அடி. அங்க அவரை அடிச்சிக்கினு கெடக்கிறாங்க, இங்க என்னை நீ அடி.”

“உன் வூட்டுக்காரன் ஒரு ஆளைச் சாகடிக்கப் பார்த்தான், தெரியுமா?”

“அவரு அடிக்கல. புடிச்சாரு. ரெண்டாவது அடி எறங்கும்போது குறுக்கப் பூந்து ரெண்டு கையாலயும் புடிச்சாரு. கை பொளந்து போச்சு. வூட்டுக்கு வந்து நாந்தான் மஞ்ச வச்சிக் கட்டினேன். அடிச்சவனுக்கு உள்ளங்கையா பொளக்கும்? நீ படம் புடிச்சியே, அதுல தெரியலையா உனக்கு?”

என் உள்ளங்கையிலிருந்து ரத்தம் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன். பிறகு டார்க் ரூமுக்குள் போனேன்.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, நெகட்டிவை மெஷினில் மாட்டி, அந்தக் கைகளை மட்டும் எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினேன். மருந்துத் தட்டில் படம் மெல்ல மெல்ல எழுந்தது. கைகள் இரும்புத் தட்டைப் பிடித்திருந்தன. கம்பியை இல்லை, தட்டை. ஓங்கி அடிக்கிறவன் கனமான பக்கத்தையா பிடிப்பான்? கம்பியின் மறுமுனை வலது பக்கம் போய்ப் புகைக்குள் மறைந்தது. அந்தப் புகை வெறும் புகை இல்லை. அதில் ஒரு தோள் இருந்தது. சட்டையில் கோடுகள் இருந்ததற்கான சாயல் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை இழுப்பு. ஸ்டாண்டைப் பிடுங்கி மறுபடி அடிக்கத் திமிறிக்கொண்டிருந்தவன் அவன். திமிறியதால் பதியவில்லை. அவன் திமிறத் திமிற, இந்த மனிதர் தட்டை அசையவிடாமல் நின்றிருக்கிறார். அசையாமல் நின்றதால் தெளிவாகப் பதிந்துவிட்டார்.

பையின் அடியில் கிடந்த பிளாஷை அன்றைக்குப் போட்டிருந்தால், அந்த மின்னல் வெளிச்சத்தில் அடித்தவன் ஆணி அடித்தது மாதிரி நின்றிருப்பான். என் விரதம் அடித்தவனை மறைத்து, தடுத்தவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அன்றைக்கு எனக்கு என்மேல் வந்த கோபம் அதற்கு முன்பும் பின்பும் யார்மேலும் வந்ததில்லை. மருந்துத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

உள்ளங்கையில் நாலு தையல் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். கண்ணாடியை உடைத்த அந்த அம்மா கூடவே வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே, இன்ஸ்பெக்டர் மேசைக்கு எதிரே, சுவரோரம் படத்தில் இருந்த மனிதர் குந்தியிருந்தார். கோமணத்தோடு இருந்தார். ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது. பாதங்கள் ஊதியிருந்தன. மஞ்சள் கறை பிடித்த துணி இரண்டு கையிலும் அவிழ்ந்து தொங்கியது.

நான் பெரிதாக்கிய படத்தை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“மறுமுனையில ஆளு இருக்கான்னு சொல்றீங்க. எங்க? எனக்கு யாரும் தெரியலையே.”

“அசைஞ்சவன் பதிய மாட்டாங்கய்யா. வெளிச்சம் கம்மி. நிக்கிறவங்கதான் பதிவாங்க.”

“அடிச்சவன் தெரிய மாட்டான், சும்மா நின்னவன்தான் தெரிவானா? நல்லா இருக்குதே. உங்க கேமராவ வச்சிக்கினு யார வேணா அடிக்கலாம்போல.” போலீஸ்காரர்கள் சிரித்தார்கள்.

“வேணும்னா காட்டறேன். இங்கயும் அதே வெளிச்சம்தான்.”

ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன். மேலே ஒரே ஒரு டியூப்லைட். கிழிந்த கையால் கேமராவைப் பிடிக்க முடியாது என்று, அறையின் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் தடிப் புத்தகங்களை அடுக்கிக் கேமராவை வைத்தேன். இன்ஸ்பெக்டர் நாற்காலியில், அவர் கை மேசையில் கிடந்த பிரம்பின்மேல். பக்கத்தில் லத்தியோடு ஒரு போலீஸ்காரர். என் ஷோகேஸைப் பார்த்தவரேதான்.

“நான் எண்ணுவேன். மூணாவதுக்கு லத்தியால மேசையை ஓங்கி ஒரு அடி அடிங்க சார். உங்களைப் படத்துல கண்டுபிடிக்க முடியாது, பாருங்க.”

இன்ஸ்பெக்டர் போலீஸ்காரரைப் பார்த்தார். நான் அந்தப் பார்வையைக் கவனித்திருக்க வேண்டும். துளையில் கண்ணை வைத்துக்கொண்டு, “ஒண்ணு, ரெண்டு” என்றேன். அமுக்கினேன். கண்ணாடி எழுந்து எனக்கு இருட்டியது.

சத்தம் மட்டும் கேட்டது. மரத்தில் விழுந்த சத்தம் இல்லை.

கண்ணாடி இறங்கியபோது போலீஸ்காரர் லத்தியைத் தாழ்த்திக்கொண்டிருந்தார். சுவரோரம் இருந்தவர் உட்கார்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் ஒரு தடிப்பு எழுந்துகொண்டிருந்தது.

“மேசை சர்க்கார் சொத்து பாய்” என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் அவர் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும். ஓங்குவதற்கு ஓடி வரும் என் கை அன்றைக்கு வரவில்லை. பயந்துவிட்டேன். கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். நான் சைக்கிளை மிதித்தேன்.

அந்த ஒரு படத்தைக் கழுவி எடுத்தேன். மருந்துத் தட்டில் முதலில் இன்ஸ்பெக்டர் வந்தார். மீசை, பேட்ஜ், பிரம்பின்மேல் இருக்கும் விரல்கள், எல்லாம் துல்லியம். பிறகு சுவரோரத்து மனிதர் வந்தார். தோளில் லத்தி இறங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலும் அவர் முகத்தில் துளி இழுப்பு இல்லை. அன்றைக்கு மேடையில் நின்றதுபோலவே அசையாமல் இருந்திருக்கிறார். இருவருக்கும் நடுவில் ஒரு காக்கிப் புகை. லத்தியும் இல்லை, கையும் இல்லை, ஆளும் இல்லை. டார்க் ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

ஈரம் காயாத பிரின்டோடு திரும்பிப் போனேன். இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

“இதுல அடிச்சது யாருங்கய்யா?”

இன்ஸ்பெக்டர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அந்தப் படத்துல தெளிவா இருந்தவன்தான் அடிச்சவன்னு இட்டாந்து உதைச்சீங்க. அதே நியாயத்தை இந்தப் படத்துக்கும் வைங்க. இதுல ஒரு ஆளு அடிபட்டுக் கெடக்கிறான். அவனைத் தவிரத் தெளிவா இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். கையில பிரம்பும் இருக்குது.”

அவர் எழுந்து வந்து என்னை அறைந்தார். திருக்கோவிலூரில் வாங்கிய அதே கன்னம். காதுக்குள் வண்டு ரீங்கரித்தது. நான் நின்ற இடத்தில் நின்றேன்.

“நெகட்டிவ் எங்க?”

“இருக்குது. அவரை விடுங்க, தர்றேன்.”

இன்ஸ்பெக்டர் தலையை அசைத்தார். சட்டைப்பையிலிருந்து நெகட்டிவ் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் தீக்குச்சி கிழித்து என் கண்முன்னாலேயே கொளுத்தினார், நாற்றம் அறை முழுக்க நிறைந்தது. மலைக்காரரை வெளியே விட்டார்கள். ஸ்டேஷனில் நடந்ததற்கு இருந்த ஒரே சாட்சியை நானே கொடுத்து அழித்தேன். அதை நல்ல காரியம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை, வேறு என்ன செய்திருக்கலாம் என்றும் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு அவரை நானும் அந்த அம்மாவும் தாங்கலாகப் பிடித்து நடத்திப் போனோம். வெள்ளிமலை பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் உட்கார வைத்துவிட்டு, கீழே நின்று, “மன்னிச்சிடுங்க” என்றேன். அப்போதுதான் அவர் முதல் தரமாக என்னிடம் பேசினார். உதடு கிழிந்திருந்ததால் மெதுவாகத்தான் பேசினார்.

“ஒவ்வொரு அடிக்கும் ‘பாய் சொன்னாரு, பாய் சொன்னாரு’ன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாங்க. யாரு அந்த பாய்னு நெனச்சிக்கினே இருந்தேன். இன்னிக்கிதான் பார்த்தேன்.” பிறகு, “இன்னிக்கி நீயே எண்ணினியே” என்றார்.

பஸ் கிளம்பும்வரை நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டோலக்காரர் பிழைத்தார். ஒரு காது போய்விட்டது. மறு காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு இன்னும் நன்றாக வாசித்தார். ஸ்டாண்டைப் பிடித்தவர் யாரென்று சொன்னபோது, அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று துடித்தார். அடித்தவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை, இரண்டு தெருவிலும் கோடு போட்ட சட்டை வீட்டுக்கு வீடு இருந்தது.

அடுத்த வருஷம் ஆடித் திருவிழாவுக்கு வெள்ளிமலையிலேயே எங்கள் கச்சேரி அமைந்தது. ஜெனரேட்டர் வைத்து மூன்று டியூப்லைட். மேடைக்குக் கீழே முதல் வரிசையிலேயே அவரும் அந்த அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். டோலக்காரர் மேடையிலிருந்து இறங்கிப் போய் அவருடைய தழும்பு விழுந்த கைகளை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கூச்சத்தோடு சிரித்தார். நான் தள்ளியே நின்றேன்.

அன்றைக்குத்தான் அவரை ஒரு நல்ல படம் எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதைவிட்டால் கொடுப்பதற்கு என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. எண்ணுவதை நான் விட்டிருந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு கேமராவை அவர் பக்கம் திருப்பினேன். அதுவரை அசையாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர் லென்ஸைப் பார்த்ததும் தலையை இடமும் வலமும் ஆட்ட ஆரம்பித்தார். பாட்டுக்கு ஆடுகிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன். பாட்டு நின்றது, தலை நிற்கவில்லை. கேமராவை இறக்கினேன், அவரும் நிறுத்தினார். மறுபடி தூக்கினேன், மறுபடி ஆட்டினார். கண்கள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தன. சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பக்கத்தில் அந்த அம்மாவும் ஆட்ட ஆரம்பித்தார். பழக்க தோஷத்தில் என் விரல் ஒரு தரம் இறங்கிவிட்டது.

கம்மி வெளிச்சத்தில் யார் பதிவார்கள், யார் பதிய மாட்டார்கள் என்று ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டருக்கு நான் பாடம் நடத்தியபோது, சுவரோரம் குந்தியிருந்தவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

பிளாஷ் அன்றைக்கும் என் பையில்தான் இருந்தது. போட்டால் ஒரு நொடியில் அவர் முகம் என் கையில் இருந்திருக்கும். நான் கேமராவை மூடிப் பையில் வைத்தேன். அதற்கு முன் எடுத்த ஒரே ஒரு படம் என்னிடம் இருக்கிறது. அதில் முதல் வரிசையில் எல்லோர் முகமும் தெளிவாக இருக்கிறது. நடுவில் இரண்டு பேர் மட்டும் புகையாக இருக்கிறார்கள்.